பூட்டிய வீடுகளுக்கு ஆள் வேண்டும்



இந்த மாத ஆசிரியர் பக்கத்தை ஒரே ஒரு கேள்விக்கு ஒதுக்கியிருக்கிறேன். பணி ஓய்வை நெருங்குகிறவர்களும், ஓய்வு பெற்றுச் சென்னையிலோ மும்பையிலோ அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களும் நமக்கு அடிக்கடி எழுதிக் கேட்கும் கேள்வி அது: "பழைய ஊர் ஒன்றில், மாடிப்படி ஏற வேண்டாத ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு போய்விடலாமா?"

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் குடியிருக்கப் போங்கள். வருடத்துக்கு நான்கு நாள் வந்து திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதற்காக வாங்குவதும், வாங்கிய கையோடு இடித்துத் தூண் எழுப்பிக் கான்கிரீட் போடுவதும் அந்த ஊருக்குச் செய்யும் நல்லது ஆகாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது தாமிரபரணிக் கரை. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்குகிற ஆறு, அம்பாசமுத்திரத்தையும் கல்லிடைக்குறிச்சியையும் இரண்டு கரையில் வைத்துக்கொண்டு, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். பத்தமடை என்றால் கோரைப்பாய். காருகுறிச்சி என்றால் அருணாசலத்தின் நாகஸ்வரம். சற்றே வடக்கே கடையம், பாரதி 1918 கடைசியிலிருந்து 1920 வரை வாழ்ந்த, மனைவி செல்லம்மாளின் ஊர். பெரிய நகரம் எதுவும் இல்லை. ஆனால் எந்த ஊரிலும் நானூறு ஐந்நூறு வருடத்துக்குக் குறையாத ஒரு கோயிலும், அதை ஒட்டி நேர்க்கோடாக ஓடும் தெருக்களும், தெருவுக்குப் பின்னால் வாய்க்காலும் இருக்கும்.

அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். பத்து வீட்டுக்கு மூன்று நான்கு பூட்டிக் கிடக்கும். பூட்டு துருப்பிடித்திருக்கும். திண்ணையில் ஆட்டுப் புழுக்கை. ஓட்டின் மேல் ஆலங்கன்று. வீட்டுக்காரர்கள் பம்பாய்க்குப் போய் இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். அடுத்த தலைமுறை அமெரிக்காவில் இருக்கும். யாரும் அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்கவும் மனமில்லை, வரவும் வழியில்லை, ஒன்பது பேருக்குப் பங்கு. மழையில் ஒரு உத்திரம் இறங்கும். அடுத்த வருடம் கூரை இறங்கும். அதற்கடுத்த வருடம் ஒரு லாரி வந்து கதவையும் தூணையும் ஏற்றிக்கொண்டு போகும். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் சாய்த்து வைத்திருக்கும் நிலைக்கதவுகளைப் பார்க்கும்போதெல்லாம், இது எந்த ஊர்த் தெருவில் எந்த வாசலில் நின்றதோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் களவுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு 2019-இல் ஊர் திரும்பினார். 37 வருடம் ஆனாலும் அவரைத் திருப்பிக் கொண்டுவர அடையாளமும் ஆவணமும் சட்டமும் இருந்தன. சாதாரணத் தெருவின் சாதாரண வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. அதில் ஒருவர் குடியிருப்பது ஒன்றுதான் பாதுகாப்பு. ஆகவேதான் வாங்குங்கள் என்கிறேன்.

என் அக்காவும் அத்தானும் தாமிரபரணிக் கரையில் அப்படி ஒரு வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். அந்த வீட்டை வைத்தே சொல்கிறேன். பொதுவாகச் சொல்வதைவிட அதுதான் உங்களுக்குப் பயன்படும்.

தெருவிலிருந்து பார்த்தால் வீட்டின் அகலம் தெரியாது. கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று, திண்ணை ஒன்று, அவ்வளவுதான். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். தார்சா என்கிற முன்கூடம், அதைத் தாண்டிப் பட்டாசல் என்கிற பெரிய கூடம், இடது கைப்பக்கம் நெல் வைத்திருந்த அறை, நடுவில் வானம் தெரிகிற முற்றம், அப்புறம் அடுக்களை, பாத்திரம் கழுவும் அங்கணம், கிணறு, தொழுவம், கடைசியில் ஒரு வேப்பமரம், அதற்கப்பால் வாய்க்கால். எல்லாம் ஒரே தளம், மாடி இல்லை. முன்பாதிக்குச் சீமை ஓடு, பின்பாதிக்கு நாட்டு ஓடு. கைமரங்கள் எல்லாம் பனங்கை. வைரம் பாய்ந்த பனை என்பதால் கரையான் அண்டவில்லை. இத்தனை வருடப் புகையில் கறுத்து இரும்பாக நிற்கின்றன. தரை காவி போட்ட சிமெண்டுத் தளம். மத்தியானம் வெறுங்காலோடு நின்றால் குளிர்ச்சி உள்ளங்கால் வழியாக ஏறும்.

அக்காவுக்கு முழங்கால் வலி. சென்னையில் இரண்டாம் மாடியிலிருந்து இறங்குவதற்கே யோசித்துக்கொண்டிருந்தவள். ஒற்றைத் தள வீடு என்றதும் அவள் முகம் மலர்ந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாடி இல்லாத வீடு என்றால் படியே இல்லாத வீடு என்று எண்ணிவிடாதீர்கள். பழைய வீடுகளில் தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று நான்கு படி இருக்கும். ஒவ்வொரு நிலைவாசலிலும் கணுக்காலுக்கு மேல் உயரமாக ஒரு படிக்கட்டை குறுக்கே கிடக்கும். முற்றத்துக்கு இறங்கி ஏற வேண்டும். கழிப்பறை இருந்தால் அது கொல்லைக் கடைசியில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மழையில் குடையோடு அங்கே போய் வருவதை அறுபத்தைந்து வயதில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அக்கா வீட்டில் முதல் செலவு அதற்குத்தான். நெல் அறையின் பின்பாதியைத் தடுத்துக் குளியலறையும் கழிப்பறையும் ஆக்கினார்கள். சொரசொரப்பான தரை, சுவரில் பிடிமானக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவு. குழாயை வீட்டின் நீளம் முழுக்கத் தரைக்கு அடியில் கொண்டுபோய்க் கொல்லையில் தொட்டி கட்ட வேண்டியிருந்தது. கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விட்டார்கள்.

இனி காகிதம். பழைய வீட்டில் மனதைப் பறிகொடுத்தவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் மனை யாருடையது என்று பாருங்கள். கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களில் பல இடங்களில் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். மேலே நிற்கிற கட்டடம் மட்டும்தான் குடியிருப்பவருடையது. தலைமுறை தலைமுறையாக இருந்திருப்பார்கள், வீட்டு வரி அவர்கள் பெயரில் இருக்கும், மின் இணைப்பு இருக்கும், ஒன்றிரண்டு கிரயப் பத்திரம்கூட நடந்திருக்கும். அதனால் மனை அவர்களுடையதாகிவிடாது. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. நூறு வருடம் இருந்தோம் என்ற வாதமும் கோயிலுக்கு எதிராக நிற்காது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் தாலுகா அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டு நகல் எடுங்கள். கோயில் அலுவலகத்தில் போய் நேராகக் கேளுங்கள். விற்பவரிடம் மனை வாடகை ரசீது ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். இதைக் கேட்டால் விற்பவர் கோபித்துக்கொள்வார் என்றால், அந்த வீடு வேண்டாம்.

அடுத்தது பங்கு. தமிழ்நாட்டில் 1989-லேயே, மாநிலத் திருத்தச் சட்டம் வரும்போது திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனோடு சம உரிமை வந்துவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் திருமணமான மகள்களுக்கும் அதை விரித்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தீர்த்துச் சொல்லிவிட்டது. "அத்தைமார்களுக்கு அப்பவே செய்ய வேண்டியதைச் செய்து அனுப்பியாச்சு" என்று விற்பவர் சொன்னால், அதைப் பதிவு செய்த பாகப்பிரிவினையாகவோ விடுதலைப் பத்திரமாகவோ காட்டச் சொல்லுங்கள். நகை போட்டதும் சீர் செய்ததும் கையெழுத்துக்கு ஈடாகாது. அக்கா வாங்கிய வீட்டில் பட்டா, விற்றவருடைய இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழில் தொடங்கி, ஒவ்வொரு கிளையாகப் பிடித்து, கடைசியில் நாசிக்கில் இருந்த ஒரு பெரியம்மாவின் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தரகர் அவசரப்படுத்தினார். அத்தான் அசையவில்லை. அவர் செய்தது சரி என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பங்குதாரர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் அவருக்குக் கொடுக்கும் தொகையில் வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குகிற உங்கள் தலையில்தான். இதைச் சின்ன ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பவரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "வீடு உங்களுடையதுதான், பத்திரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

வில்லங்கச் சான்றை இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பழைய வீட்டுக்கு அந்த முந்தையது முக்கியம். மூலப்பத்திரத்தை நீங்களே ஒருமுறை முழுக்கப் படியுங்கள். அளவு கிழமேல், தென்வடல் என்று தச்சு முழத்தில் இருக்கும். தச்சு முழம் என்பது 33 அங்குலம். கிழமேல் 7 முழம் என்றால் 19 அடி 3 அங்குலம். டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள், பத்திரமும் தரையும் ஒத்து வருகிறதா என்று. நடை பாத்தியம், நீர் பாத்தியம், பொதுச்சுவர் என்று அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் இன்றைக்கும் உயிர் உண்டு.

பொதுச்சுவர் என்றதும் அடுத்த வீட்டு ஆச்சி ஞாபகம் வருகிறது. பத்திரம் முடிந்து கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போன அன்று, அவர் திண்ணையிலிருந்து இறங்கி வந்து அத்தானிடம் சொன்னார்: "ஏ அய்யா, தென்பக்கத்துச் சொவத்துல கை வைக்கதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. எங்க வீட்டு உத்திரம் பூராவும் அந்தச் சொவத்துலதான் ஒக்காந்திருக்கு."

"நீங்க சொல்லாம ஒரு செங்கல் எடுக்க மாட்டோம் ஆச்சி" என்றார் அத்தான்.

அந்தத் தெருக்கள் முழுவதும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டை மட்டும் தனியாக இடிக்க முடியாது. நடுவில் ஒருவர் இடித்துப் பள்ளம் தோண்டித் தூண் எழுப்பினால், இரண்டு பக்கமும் சுவர் வெடிக்கிறது. அடுத்த மழையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு வழியில்லாமல் அவரும் இடிக்கிறார். முந்நூறு அடித் தெருவைக் காலி செய்ய ஒரே ஒரு வீட்டை இடித்தால் போதும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பழைய ஓட்டு வீட்டுக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. கட்டடத்துக்கு அவர்கள் மதிப்பே போடுவதில்லை. வாங்குகிற விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது பழுது பார்ப்பதற்கு என்று தனியாக வைத்துக்கொண்டு இறங்குங்கள். அது இல்லாவிட்டால் இந்த ஆசையை ஒத்திப்போடுவதே நல்லது.

பழுது பார்ப்பதில் ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நல்ல எண்ணத்தோடு வாங்கியவர்களே கெடுத்துவிடும் இடம் அது. பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஈரம் தடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஓதம் சுவருக்குள் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சுவர் நனைவதும் காய்வதுமாக இருக்கும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. இரண்டு மழைக்காலம் போனால் இடுப்பளவுக்கு உப்புப் பூக்கும், காரை பெயரும், உள்ளே செங்கல் மாவாக உதிரும். "சொவரு பழசு சார், அதான்" என்று கொத்தனார் சொல்வார். சுவரில் பழுதில்லை. அதன் மேல் பூசியதுதான் கேடு. பிளாஸ்டிக் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

அக்கா வீட்டில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த வயதான கொத்தனார் ஒருவர் பழைய முறையில் செய்தார். கொல்லையில் குழி வெட்டி, சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, வாரக்கணக்கில் ஊறப் போட்டார். கடுக்காயைத் தட்டிக் கருப்பட்டியோடு பானையில் ஊறவைத்தார். அந்தத் தண்ணீரைத்தான் ஆற்று மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த சாந்துக்கு விட்டார். வீடு முழுக்கப் பதநீர் புளித்த மாதிரி ஒரு மணம் இருந்தது என்று அக்கா சொன்னாள். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே நாள் விட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்து, கடைசியில் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். சிமெண்டு என்றால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். இதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் கொத்தனாரோடு வேலை செய்ய அவர் மகன் வரவில்லை. பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவன் இப்போது தனியாக இந்த வேலையை எடுத்துச் செய்கிறான் என்று கேள்விப்பட்டபோது, வீடு மிஞ்சியதைவிட அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

மரத்துக்கு ஆசாரியைக் கூட்டிப் போங்கள். அவர் ஒவ்வொரு உத்திரத்தையும், முக்கியமாகச் சுவருக்குள் போகும் முனைகளையும், தூண்களின் அடியையும் தட்டிக் கேட்பார். கணீரென்றால் பயமில்லை, பொதபொதவென்றால் உளுத்துவிட்டது. உளுத்த முனையை மட்டும் வெட்டி நல்ல மரத்தை இணைக்கத் தெரிந்த ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்கிறவரிடம் இன்னொரு முறை யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஓட்டுக்கு வருடம் ஒருமுறை மழைக்கு முன்னால் ஆள் ஏற்றிப் பார்த்தே தீர வேண்டும். நாட்டு ஓடு இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. இடிக்கும் வீடுகளிலிருந்து வாங்கிக் கொல்லையில் அடுக்கி வையுங்கள். சீமை ஓட்டில் ஒரு கம்பெனி ஓட்டோடு இன்னொரு கம்பெனி ஓடு பூட்டிக்கொள்ளாது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் சூளை வைத்ததிலிருந்து எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். ஓட்டின் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து அதே ஓட்டைத் தேடுங்கள். மலையடிவார ஊர்களில் குரங்குத் தொல்லையும் உண்டு. ஓடு உடையும். அதற்குக் கம்பிவலை போடுகிறார்கள்; பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மின்சார வயரிங்கை மட்டும் பழையது என்று ஒன்றையும் மிச்சம் வைக்காமல் முழுக்க மாற்றிவிடுங்கள்.

வீட்டைப் பார்க்கச் சித்திரை மாதத்தில் போகாதீர்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் போய், ஒரு மணி நேரம் பட்டாசலில் நின்று பாருங்கள். எங்கே ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, தெருத் தண்ணீர் படி ஏறுகிறதா என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பர் 17, 18-லும் தாமிரபரணி கரை தாண்டியது. அந்த இரண்டு வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் நான்கு பேரிடம் கேளுங்கள். சுவரில் கோடு காட்டுவார்கள். மாடி இல்லாத வீட்டில் தண்ணீர் வந்தால் ஏறி நிற்க இடம் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். மருத்துவமனையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் சுமார் 35 கிலோமீட்டர் தாண்டித் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். முடிந்தால் முதலில் அதே ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இருந்து பாருங்கள். ஊர் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று அப்போது தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கம் நேர்மையாக இருக்காது. இந்தப் பழைய தெருக்கள் பலவற்றில் யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கக்கூடாது என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நேரடியாகச் சொல்லாமல், "வேறு ஒருத்தர் ஏற்கெனவே பேசிட்டாங்க" என்பார்கள். வீடு விழுந்தாலும் பரவாயில்லை, வேறு சாதிக்காரர் வரக்கூடாது என்று பூட்டியே வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. இது அந்த வீட்டுக்கும் ஊருக்கும் செய்யும் கொடுமை. ஆற்றையும் கோயிலையும் வாய்க்காலையும் கட்டிக் காப்பாற்றியதில் எல்லாச் சாதியாரின் உழைப்பும் இருக்கிறது. அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனாரின் பேத்தி அந்த வீட்டை விலைக்கு வாங்கிக் குடியிருந்தால், அதைவிட நியாயமான சொந்தக்காரர் வேறு யார்? விற்பவர்களிடம் இதைத் தயங்காமல் பேச வேண்டும் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கிக் குடியேறியவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறியைச் சந்தையில் வாங்குங்கள், பாலைத் தெருவில் கறக்கிறவரிடம் வாங்குங்கள், நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள், பேரூராட்சிக் கூட்டத்தில் குப்பைக்கும் சாக்கடைக்கும் குரல் கொடுங்கள். அத்தான் வங்கியில் இருந்தவர். இப்போது சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெருக்காரர்களுக்கு முதியோர் உதவித்தொகை மனு, பட்டா மாறுதல் மனு எல்லாம் எழுதிக் கொடுக்கிறார். அக்கா காலையில் வாய்க்கால் கரை வரை நடந்து வருகிறாள். முழங்கால் வலி போய்விடவில்லை. ஆனால் வீட்டுக்குள் எங்கும் யாரையும் பிடித்துக்கொள்ளாமல் போய் வருகிறாள்.

கடைசியாக, வாங்குகிறவர்களைவிட முக்கியமானவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூட்டிய வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம். அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பங்குக்குரியவர்கள் எல்லோரும் ஒரு நாள் கூடி உட்காருங்கள். வர முடியாதவர்களைப் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட வேண்டிய பெரியவர்கள் நல்ல நினைவோடு இருக்கும்போதே வாரிசுச் சான்றிதழை வாங்கி, பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, பட்டாவைப் பெயர் மாற்றி வையுங்கள். இந்த மழைக்கு முன் ஓட்டுக்கு ஒரு ஆளை ஏற்றி, கன்றுகளை வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள். உங்களில் ஒருவர் வந்து இருக்க முடியுமானால் மிக நல்லது. விற்பது என்று முடிவானால், இடித்துக் கட்டுகிறவர் ஒரு லட்சம் கூடக் கொடுத்தாலும், குடியிருக்க வருகிறவரை முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்